வயதை எண்ணும் அரசுகள், செயல்திறனை அளப்பதில்லை: காரோடு எல்லையிலிருந்து ஒரு பார்வை

காரோடு (திருவனந்தபுரம் மாவட்டம்): கழக்கூட்டத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலைப் புறவழி, கேரளத்தின் தென்கோடியில் உள்ள காரோடு ஊராட்சியில் முடிவடைகிறது. அதைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அருகில் உள்ள இந்தப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது.

அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பிறந்து, எல்லைக் கோட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் நின்றுவிட்ட அந்தத் தலைமுறையின் ஓய்வூதியத் தொகை, வீட்டுக்கு வரும் மருந்து, நினைவாற்றலைச் சோதிக்கும் மருத்துவரின் மொழி ஆகிய அனைத்தையும் அந்தக் கோடு இன்றும் தீர்மானிக்கிறது.

இந்தக் கோட்டின் இருபுறமும் உள்ளவை நாட்டில் மிக வேகமாக முதுமையடையும் மாநிலங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் கேரளத்தில் 12.6 சதவீதமாகவும் தமிழ்நாட்டில் 10.4 சதவீதமாகவும் இருந்தனர். 2031-இல் இது முறையே 20.9, 18.2 சதவீதமாக உயரும் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் முதியோர் அறிக்கை மதிப்பிட்டுள்ளது. நாடு முழுவதும் 80 வயதைக் கடந்தோரின் எண்ணிக்கை 2022-க்கும் 2050-க்கும் இடையே 279 சதவீதம் பெருகும் என்பது ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் 2023-ஆம் ஆண்டு கணிப்பு. அவர்களில் பெரும்பாலோர் கணவரை இழந்த பெண்களாக இருப்பார்கள்.

வயதின் அடிப்படையில் உதவி வழங்க அரசுகள் பழகியுள்ளன. 60, 70, 80 என்று வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் தொண்ணூறு வயதில் ஒருவரின் வாழ்வை முடிவு செய்வது வயது மட்டுமன்று. நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, பிறர் பேச்சு காதில் விழுகிறதா, அடுப்பை அணைத்தோமா என்பது நினைவில் நிற்கிறதா என்பனவே அதை முடிவு செய்கின்றன. இவற்றை முறையாக அளந்து பதிவு செய்யும் ஏற்பாடு இரு மாநிலங்களிலும் இன்னும் வேரூன்றவில்லை. எல்லைக் கிராமங்களின் முதியோர் எதிர்கொள்ளும் முதன்மையான குறை இதுவே.

நூறை நெருங்கும் மூளையால் முடியுமா?

மிக முதிய வயதில் புதிதாக எதையும் கற்க இயலாது என்ற நம்பிக்கையைக் கேரளத்தின் இரு பெண்கள் உடைத்துக் காட்டினர். ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா பள்ளிக்கே சென்றதில்லை. 2018-இல் தமது 96-ஆம் வயதில், மாநில எழுத்தறிவு இயக்கம் நடத்திய ‘அட்சரலட்சம்’ தேர்வை எழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்று முதலிடம் பிடித்தார். கொல்லம் மாவட்டத்தின் பாகீரதி அம்மா சிறுவயதில் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். 2019-இல் தமது 105-ஆம் வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதி வெற்றி பெற்றார். எழுதுவதில் சிரமம் இருந்ததால் அவருக்கு வீட்டிலேயே, சில நாள்களுக்குப் பிரித்து, தேர்வு நடத்தப்பட்டது. இருவருக்கும் மத்திய அரசின் நாரி சக்தி விருது வழங்கப்பட்டது. பாகீரதி அம்மா 2021-இலும் கார்த்தியாயினி அம்மா 2023-இலும் மறைந்தனர்.

நெய்யாற்றின்கரைக்கும் தனக்கே உரிய எடுத்துக்காட்டு உண்டு. காந்தியவாதி பி. கோபிநாதன் நாயர் அந்த ஊரைச் சேர்ந்தவர். 2003-இல் கோழிக்கோடு மாவட்டம் மாறாட்டில் வன்முறை நிகழ்ந்தபோது, எண்பது வயதை எட்டிய நிலையில் சமாதானப் பணியில் ஈடுபட்டார். 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நூறு வயது நிறைய சில நாள்களே இருந்த நிலையில் 2022 ஜூலையில் காலமானார்.

இவர்களின் அனுபவம் மூளை அறிவியல் கூறும் ஒரு பாகுபாட்டோடு ஒத்துப்போகிறது. புதிய தகவலை விரைவாகக் கையாளும் வேகமும், ஒரே நேரத்தில் இரு வேலைகளைக் கவனிக்கும் திறனும் நடுவயதிலிருந்தே குறையத் தொடங்குகின்றன. சொல்வளமும், அனுபவத்தால் வந்த பகுத்தறிவும், நன்கு பழகிய தொழில்திறனும் நெடுங்காலம் நிலைக்கின்றன. பாகீரதி அம்மாவுக்குக் கூடுதல் நேரமும் பழகிய சூழலும் தரப்பட்டதால்தான் அவரது அறிவு வெளிப்பட்டது. முதியோருக்கான எந்தச் சேவையும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி அது.

விதிவிலக்கும் விதியும்

ஆயினும், விருது பெற்றவர்களை வைத்து ஒரு தலைமுறையையே அளந்துவிட முடியாது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து நூற்றாண்டினர் ஆய்வு, 97 முதல் 119 வயது வரையிலான 424 பேரின் நோய் வரலாற்றை ஆராய்ந்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டது. முதுமையின் பெருநோய் எதுவும் இன்றி நூறைத் தொட்டவர்கள் ஆண்களில் 32 சதவீதமும் பெண்களில் 15 சதவீதமும் மட்டுமே. மற்றவர்களில் ஒரு பகுதியினர் எண்பதுக்குப் பின்னர் நோயுற்றனர். மற்றொரு பகுதியினர் எண்பதுக்கு முன்பே நோயைப் பெற்று, அதனுடனேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். பெண்கள் அதிக அளவில் நூறை எட்டுகிறார்கள். அதே சமயம் நோயையும் இயலாமையையும் சுமந்தபடியே எட்டுகிறார்கள் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

இந்தியாவின் நிலையை, 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டோரிடம் 2017-18-இல் நடத்தப்பட்ட நீள்நோக்கு முதுமை ஆய்வு விளக்குகிறது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், நடத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் ஒன்றிலாவது இடர்ப்பாடு உள்ளவர்கள் 60 வயதைக் கடந்தோரில் 24 சதவீதம். சமையல், பணக் கையாளுகை, மருந்தை நேரத்துக்கு உட்கொள்ளுதல் போன்றவற்றில் இடர்ப்படுவோர் 48 சதவீதம். இதன் தொடர்ச்சியாக 2023-இல் வெளியான மதிப்பீடு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, உள்ளது என்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம். 65 வயதுக்குப் பின் ஏறத்தாழ ஒவ்வொரு ஐந்தாண்டுக்கும் இந்நோயின் பரவல் இரட்டிப்பாகிறது என்பது உலகெங்கும் காணப்படும் போக்கு.

‘வயதாகிவிட்டது’ என்ற சொல் மறைப்பவை

எண்பது, தொண்ணூறு வயதினர் ஒருவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவமனையும் விட்டுவிடுவதுண்டு. இது ஆபத்தான முடிவு. ஓரிரு நாள்களில் தோன்றி, மணிக்கு மணி ஏறியிறங்கும் குழப்பம் பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் அவசர நிலையாகும். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடலில் நீரும் சோடியமும் குறைதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை ஆகியவை அதன் வழக்கமான காரணங்கள். காரணத்தைக் கண்டு சிகிச்சை அளித்தால் பலர் தெளிவு பெறுகின்றனர். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே கேடு நேரலாம். மாதக்கணக்கில் மெல்லக் கூடும் மறதி நோய் வேறு, நாள்கணக்கில் வந்து தாக்கும் இந்தக் குழப்பம் வேறு.

காது கேளாமையும் இவ்வாறே மறதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கேள்வி காதில் சரியாக விழாதவர் பொருத்தமற்ற விடை தருகிறார். அதனால் அவருடன் பேசுவோர் குறைகிறார்கள். பேச்சுக் குறைந்த மூளை மேலும் மந்தமாகிறது. மறதி நோய் குறித்த லான்செட் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, தவிர்க்கவோ மாற்றவோ கூடிய 14 காரணிகளைச் சுட்டியது. அவற்றைக் களைந்தால் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. கேட்புத்திறன் குறைதல், சீரமைக்கப்படாத பார்வைக் குறை, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, தனிமை, இளமையில் கல்வி கிட்டாமை ஆகியன அந்தப் பட்டியலில் உள்ளன. கண்புரை அறுவை, காதுக் கருவி, ரத்த அழுத்த மாத்திரை ஆகியவை மூளைக்கான மருத்துவமும் ஆகும் என்பதே இதன் பொருள்.

சோதனை எந்த மொழியில்?

நினைவாற்றலைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் வினாப் பட்டியல்கள் மேலைநாடுகளில் பள்ளி சென்றவர்களுக்காக உருவானவை. இன்றைய தேதி என்ன, 100-லிருந்து ஏழேழாகக் கழிக்க முடியுமா, ஒரு வாக்கியம் எழுதுங்கள், படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று அவை கேட்கின்றன. பள்ளி வாசலை மிதிக்காத, நாள்காட்டியைவிடப் பிறையையும் திருவிழாவையும் வைத்தே காலத்தை எண்ணிய ஒரு மூதாட்டி இதில் குறைந்த மதிப்பெண் பெறுவது நோயின் அடையாளம் ஆகாது. இந்தச் சிக்கலை உணர்ந்து, ஹரியாணாவின் பல்லப்கரில் 1990-களில் நடந்த ஆய்வு, எழுத்தறியாதவர்களுக்கேற்ற இந்தி வடிவத்தை உருவாக்கியது. 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்களிடமிருந்து பிறந்த ‘10/66’ ஆய்வுக்குழு, கல்வி வேறுபாட்டால் பிழை நேராத கண்டறியும் முறையை வளர்த்தது. மறதி நோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோதும், ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அந்நாடுகளைப் பற்றியதாக இல்லை என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அதன் கள ஆய்வு இடங்களாக இருந்தன.

எல்லைக் கிராமங்களில் எழுத்தறிவோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, சந்தையிலும் அலுவலகத்திலும் மலையாளம் பேசி வாழ்ந்தவர்கள் இங்கு உண்டு. மூளை தளரும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவுகிறது. தாய்மொழியே கடைசி வரை துணை நிற்கிறது. அத்தகையவரை மலையாளத்தில் மட்டும் சோதித்தால், மொழி நழுவியதை நினைவு நழுவியதாகப் பதிவு செய்யும் அபாயம் உள்ளது. எல்லையின் மறுபுறம் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதியோருக்கும் இதே நிலைதான். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. கடிதத்துக்குக் கிடைத்த உரிமை, எழுத இயலாத முதியவரின் மருத்துவச் சோதனைக்கும் நீள வேண்டும் என்று கேட்பது நியாயமானதே.

பத்து நாள் படுக்கை, ஒரு கிலோ தசை

உடலின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஆரோக்கியமாக இருந்த முதியோரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. அந்தப் பத்து நாள்களில் அவர்களது கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்தது. காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மூதாட்டி, காய்ச்சல் நீங்கிய பின்னும் எழுந்து நடக்க முடியாமல் வீடு திரும்புவது ஏன் என்பதை இது விளக்குகிறது. நோய் குணமாகியும் செயல்திறன் திரும்பவில்லை. ‘விழுந்துவிடுவார்கள், படுத்தே இருக்கட்டும்’ என்ற அன்பான எச்சரிக்கையும் இதே விளைவைத் தரக்கூடும்.

விழுதல் குறித்த அச்சம் பொய்யன்று. 65 வயதைக் கடந்தோரில் 28 முதல் 35 சதவீதத்தினர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. ஆனால் இதற்கான தீர்வு படுக்கை அன்று. கழிவறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவு விளக்கு, போதிய புரத உணவு, நாள்தோறும் உட்கார்ந்து எழும் பயிற்சி ஆகியனவே தீர்வு.

கேரளத்தின் முன்னாள் முதல்வர் வி. எஸ். அச்சுதானந்தன், முதுமையின் இந்த இரு கட்டங்களையும் பொதுவாழ்வில் காட்டியவர். 82 வயதில் முதல்வராகி 87 வயது வரை ஆட்சி நடத்தினார். தொண்ணூறைக் கடந்தும் தேர்தல் மேடைகளில் முழங்கினார். 2019 அக்டோபரில் ஏற்பட்ட பக்கவாதத்துக்குப் பின் திருவனந்தபுரத்தில் வீட்டோடு ஒதுங்கினார். 2025 ஜூலை 21 அன்று 101-ஆம் வயதில் மறைந்தார். தீவிர அரசியலுக்கும் மரணத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் வீட்டுப் பராமரிப்பில் கழிந்தன. முன்னாள் முதல்வருக்கு வசதியான பராமரிப்பு எளிதாகக் கிட்டும். எல்லைக் கிராமத்தில் முந்திரி ஆலையிலோ வயலிலோ உழைத்து ஓய்ந்த ஒருவருக்கு அந்த ஆறு ஆண்டுகளை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி.

கோட்டின் இரு பக்கங்கள்

மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயதுக்குப் பின் 500 ரூபாய். மீதத்தை மாநிலங்கள் தருகின்றன. தமிழ்நாடு 2023 ஆகஸ்டில் ஓய்வூதியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தியது. கேரளம் 2025 அக்டோபர் இறுதியில் 2,000 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தது. நடந்தே கடக்கக்கூடிய எல்லையின் இரு பக்கங்களில் ஒரே வயது மூதாட்டியர் இருவரின் வருமானம் இவ்வாறு வேறுபடுகிறது.

சேவைகளில் ஒவ்வொரு மாநிலமும் ஒன்றில் முன்னிற்கிறது. 2008-இல் நோய்த் தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம். உள்ளாட்சி அமைப்புகளின் வழியே செவிலியர்கள் படுக்கையில் இருப்போரின் வீடுகளுக்குச் செல்கின்றனர். பராமரிப்பவர்களுக்கு ‘ஆசுவாசகிரணம்’ திட்டத்தில் சிறு உதவித்தொகை உண்டு. 2025-இல் முதியோர் ஆணையத்துக்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் 65 வயதைக் கடந்தோருக்கு நடமாடும் மருத்துவமும் இலவச மருந்தும் தரும் ‘வயோமித்ரம்’ நகரப் பகுதிகளை மையமாகக் கொண்டு வளர்ந்த திட்டம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் கிராம வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. இடுப்பு எலும்பு முறிவுக்கான அறுவைச் சிகிச்சை அதில் அடங்கும். அந்த முறிவைத் தவிர்த்திருக்கக்கூடிய கழிவறைக் கைப்பிடி அடங்காது. மருத்துவமனையில் கழியும் நாள்கள் சில. வீட்டில் கழியும் ஆண்டுகள் பல. நிதி ஒதுக்கீடோ இதற்கு நேர்மாறாக உள்ளது.

அடையாளச் சரிபார்ப்பிலும் செயல்திறன் குறுக்கிடுகிறது. உழைத்துத் தேய்ந்த, வயதால் சுருங்கிய விரல்களில் ரேகை படிவதில்லை. கேரளத்தில் ஓய்வூதியம் பெறுவோர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் ‘மஸ்டரிங்’ பணிக்கு அட்சயா மையங்களுக்குச் செல்ல வேண்டும். படுக்கையில் இருப்போருக்கு வீடு தேடி வந்து செய்யும் வசதி உள்ளது. ஆனால் படுக்கையிலும் இல்லாமல், பேருந்து ஏறவும் இயலாமல் இருப்பவர்கள்தான் மிக முதிய வயதினரில் பலர். ‘நடமாடுபவர்’, ‘படுக்கையில் இருப்பவர்’ என்ற இரண்டே கட்டங்களுள்ள படிவத்தில் அவர்களுக்கு இடமில்லை.

யார் அளப்பது?

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உலக சுகாதார அமைப்பு வகுத்த முதியோர் ஒருங்கிணைந்த பராமரிப்பு நெறிமுறை, சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனைகளைப் பரிந்துரைக்கிறது. மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்து நினைவுகூரச் சொல்லுதல். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 14 விநாடிகளுக்கு மேல் ஆகிறதா எனப் பார்த்தல். மூன்று மாதங்களில் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, பசி குறைந்ததா எனக் கேட்டல். மெல்லிய குரலில் சொன்னது கேட்கிறதா, எழுத்து தெரிகிறதா, மனம் சோர்ந்துள்ளதா என அறிதல். இவ்வளவே. ஆண்டுக்கு இருமுறை செய்து ஒரு அட்டையில் குறித்தால், சரிவு தொடங்கும்போதே தெரிந்துவிடும். அதன்பின் கண்புரைக்கு ஒருவரும், இயன்முறைச் சிகிச்சைக்கு ஒருவரும் என உரிய இடத்துக்கு அனுப்ப முடியும்.

இந்தப் பணி யாரிடம் சேரும் என்பதில்தான் நெருடல். கேரளத்தில் அது ஆஷா பணியாளர்களிடமே சேரும். மதிப்பூதிய உயர்வு கோரி 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் தொடங்கிய போராட்டம் எட்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. தமிழ்நாட்டிலும் வீடு தேடிச் செல்லும் பெண் தன்னார்வலர்கள் ஊக்கத்தொகையில்தான் பணிபுரிகின்றனர். வீட்டுக்குள்ளோ, மிக முதியவரைத் தூக்கி, குளிப்பாட்டி, உணவூட்டும் வேலை மகளின் மீதும் மருமகளின் மீதும் விழுகிறது. அவர்களில் பலரே அறுபதைக் கடந்தவர்கள். ஊதியம் குறைந்த பெண்களும் ஊதியமே இல்லாத பெண்களும் சேர்ந்து தாங்கும் அமைப்பில், உரிய ஊதியம் தராமல் இன்னொரு பதிவேட்டைச் சேர்ப்பது, அந்தப் பதிவேட்டையே பொய்யாக்கிவிடும்.

காரோடு போன்ற ஊராட்சிகள் இதற்குப் பொருத்தமான தொடக்கக் களங்கள். வீடுகள் நெருங்கிய கிராமங்கள், உள்ளாட்சிச் செவிலியர் கட்டமைப்பு, இருமொழி அறிந்த பணியாளர்கள் ஆகியவை இங்கு ஏற்கெனவே உள்ளன. கேரளத்தின் நோய்த் தணிப்பு அனுபவமும் தமிழ்நாட்டின் வீடு தேடும் மருந்து விநியோக அனுபவமும் இந்த எல்லையில் அருகருகே செயல்படுகின்றன. இருமொழியிலும் அச்சிட்ட ஒரே செயல்திறன் அட்டையை இரு மாநில மருத்துவமனைகளும் ஏற்றுக்கொண்டால், பாறசாலையில் பார்த்த முதியவரை ஆசாரிப்பள்ளத்தில் மீண்டும் முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிராது.

ஆயுளை நீட்டுவதில் இவ்விரு மாநிலங்களும் நாட்டுக்கு வழிகாட்டின. பொதுச் சுகாதாரம், பெண்கல்வி, பொது விநியோகம் என்று பல பத்தாண்டுகள் செய்த முதலீட்டின் பலன் அது. அவ்வாறு கிடைத்த கடைசிப் பத்தாண்டு, கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி கழியுமா, வாசல் திண்ணை வரை நடந்து வந்து அண்டை வீட்டாரோடு பேசிக் கழியுமா என்பது விதியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. நாற்காலியிலிருந்து எழ 14 விநாடிக்கு மேல் ஆகிறது என்பதை ஒருவர் கவனித்துக் குறித்தாரா என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. முதியோர் ஆணையமும், எல்லையின் இருபுறத்து உள்ளாட்சிகளும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை அதுவே.